ஐசுப் பால்

என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த வருஷத்துக் கோடையில்தான் நான் முதன்முதலாக ஐஸ்கிரீம் தின்றேன். அந்தப் பெயர் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. என் மாமனார் அதை ஐசுப் பால் என்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவே அப்படித்தான் சொன்னது.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்த ஊர்க் கோயில் மணி எங்கள் களத்தில் கேட்கும். நான் வாக்கப்பட்டு வந்தபோது வீட்டில் மாமியார் இல்லை. காய்ச்சலில் காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மாமனார், என் வீட்டுக்காரர், நாத்தனார், இவ்வளவு பேர்தான். நாத்தனார் என்னைவிட இளையவள். ஆனாலும் அந்த வீட்டுப் பானைக்கு எத்தனை படி அரிசி, மாமனாருக்கு எந்தக் குழம்பு ஆகாது, எந்த மாடு பெண்பிள்ளைகளை முட்டும் என்பதெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். இரண்டு பேரும் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் கம்பு குத்துவோம். ஒருத்தி மூச்சு வாங்கினால் இன்னொருத்தி சிரிப்பாள்.

அவளைக் கட்டியவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர். கொழுந்து எடுக்கிற ஆட்களுக்குப் பேர் பதிகிற வேலை. தாய் தகப்பன் இல்லாதவர். முறைக்கு அவர் எனக்கு அண்ணன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். மலையில் மலையாளத்து ஆட்களோடு பழகிப் பழகி, போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மதி" என்பார். நான் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றப் போனால் இலைக்கு மேல் கையை விரித்து, "மதி தங்கச்சி, மதி" என்பார். நாத்தனார் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொள்வாள்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அவர் தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டி ஒரு மரவாளியைச் சுமந்து வந்தார். பட்டை பட்டையாக மரம் சேர்த்து, இரும்பு வளையம் போட்ட வாளி. உள்ளே உயரமான தகர டப்பா. மேலே பல் சக்கரமும் பக்கவாட்டில் நீட்டிய ஒரு கைப்பிடியும். பின்னாலேயே பஸ்காரன் ஒருவன் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சாக்கைக் கொண்டு வந்து முற்றத்தில் போட்டான்.

மாமனார் சாக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "என்ன மாப்ள இது?"

"ஐசு மாமா. மதுரையில இருந்து ரயில்ல வந்துச்சு. கார்டு நமக்குத் தெரிஞ்சவரு. மரத்தூள்ல பொதிஞ்சு தேனியில எறக்கிக் குடுத்தாரு."

"கெணத்துல தண்ணியில்லாம வெள்ளாமை காயுது. மாப்ள என்னன்னா மதுரையில இருந்து தண்ணிய மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்காக" என்றார் மாமனார் என்னிடம். மருமகனுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்து போகவில்லை. கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது அந்த வாளியை விட்டுப் போயிருந்தாராம். நாத்தனார் என்னிடம் சொன்னாள்: "அங்கன எந்நேரமும் குளிரு மதினி. அங்கன இத எவுக திம்பாக? தூசி புடிச்சுக் கெடந்துச்சு. இவுக கேட்டு வாங்கிட்டு வந்துட்டாக. எங்க ஊரு வெயிலுக்குத்தான் இது லாயக்குன்னாக."

நான் பாலைச் சுண்டக் காய்ச்சினேன். மாப்பிள்ளை மடியிலிருந்து ஏலக்காய் எடுத்துத் தந்தார். சீனி போட்டு ஆறவைத்த பாலை டப்பாவில் ஊற்றி மூடி, வாளிக்குள் இறக்கினார். சாக்கோடு சேர்த்து உலக்கையால் ஐஸை நொறுக்கி, டப்பாவைச் சுற்றி ஐஸும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டார். பாலுக்குப் பக்கத்தில் உப்பைக் கண்டதும் மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "உப்பையா போடுறீக?" என்று எழுந்தே விட்டார். "உள்ள போகாது மாமா, உக்காருங்க" என்று மாப்பிள்ளை அவரை உட்கார வைத்தார்.

கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் முதலில் லேசாகத்தான் போகும். பால் இறுக இறுகச் சுற்ற முடியாது. வாளி தரையில் தாவும். அப்போது யாராவது அதன் மேல் உட்கார வேண்டும். அவர் ஒரு சாக்கை நாலாக மடித்து வாளியின் மேல் போட்டு, நாத்தனாரைப் பார்த்து, "வா, உக்காரு" என்றார். அவள் வெட்கப்பட்டாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் காலடியில் அவர் குத்தவைத்துச் சுற்றினார். சாக்கையும் தாண்டிக் குளிர் ஏற, அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். பெண்சாதியும் புருஷனும் அத்தனை கிட்டத்தில், அதுவும் பகலில், நாலு பேர் பார்க்க இருந்ததை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் உதடு மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்து அவர் முதல் கரண்டியை மாமனாருக்குத்தான் கொடுத்தார். மாமனார் வாயில் போட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இருந்துச்சு, காணாமப் போச்சு" என்றார். அப்புறம் தம்ளரை நீட்டினார்.

எனக்குப் பல் கூசியது. நெற்றிப்பொட்டில் ஒரு வலி சுரீரென்று ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் ருசி வந்தது. பால் ருசியும் ஏலக்காய் வாசமும் நாம் அறியாததா? ஆனால் பாலைக் கடித்துத் தின்னலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் மத்தியானம் கோழிகூட வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும். அப்படி ஒரு மத்தியானத்தில் நாக்கின் மேல் அந்தக் குளிர்ச்சி வந்து உட்கார்ந்ததை இத்தனை வயசுக்கப்புறமும் என்னால் நினைத்துக்கொள்ள முடிகிறது.

வாளி எங்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிந்திய கோடைகளிலும் அவர்கள் வந்தார்கள், ஐஸும் வந்தது. தெருப் பிள்ளைகள் பஸ் சத்தம் கேட்டதும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வரும். மாமனார் மாசி மாதமே, "மாப்ள எப்ப வாறாகளாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். மகளைக் கேட்கிறாரா, மருமகனையா, ஐசுப் பாலையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒரு தடவை மாப்பிள்ளை மலைவாழைப்பழத்தைப் பிசைந்து போட்டுச் செய்தார். அடுத்த கோடைக்கு மாம்பழம் போட்டுச் செய்து தருகிறேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அடுத்த கோடையில் அவரை டோலியில்தான் இறக்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காய்ச்சல். போடிவரை டோலி, அங்கிருந்து பஸ். எங்கள் வீட்டு நடையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். கண்கள் மஞ்சளாக இருந்தன. நாத்தனார் மலையிலிருந்து வந்த சேலையை மாற்றக்கூட இல்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டிரஸ்ஸர் வந்து பார்த்தார். கொய்னா மாத்திரை கொடுத்தார். "சூடு தலைக்கு ஏறுது. நெத்தியில ஐசு வச்சுக்கிட்டே இருங்க. தேனிக்கு ஆளனுப்பினா ரயில்ல கெடைக்கும்" என்றார். ஐஸ் எங்கே கிடைக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிதான். என் வீட்டுக்காரர் அன்றே போய், மறுநாள் காலையில் சாக்கோடு வந்து இறங்கினார்.

சாக்கை முற்றத்தில் போட்ட சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். அதுவரை யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சாக்கைப் பார்த்ததும் தெளிவாகப் பேசினார்.

"ஐசு வந்துருச்சா? தங்கச்சி, பாலைக் காய்ச்சு. ஏலக்காய் என் சட்டைப் பையில இருக்கு பாரு."

நாத்தனார் தலையைத் தூக்கித் தன் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, ஒரு கரண்டி குடுக்கலாமா? ஆசையாக் கேக்குறாக."

மாமனார் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "வேணாம் ஆத்தா. காச்சலுக்கு மேல குளுமை உள்ள போனா ஜன்னி கண்டுரும். உங்க ஆத்தாளுக்கும் அப்படித்தான ஆச்சு? பானைத் தண்ணியக் கேட்டா, நாந்தான மோந்து குடுத்தேன். விடிஞ்சப்ப இல்ல. வேணாம். மாப்ள எந்திரிச்சு உக்காரட்டும். ஒரு மூட்டை ஐசு நானே போயிக் கொண்டாறேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெரியவர்கள் ஆகாது என்றால் ஆகாதுதான். அதோடு, மாமியார் போன கதையை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். அதைக் கேட்ட பிறகு எதிர்த்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

துணியில் ஐஸைப் பொட்டலமாகக் கட்டி நெற்றியில் வைத்தோம். அது கரைந்து காதோரமாகவும் மூக்கோரமாகவும் வழிந்தது. உதட்டுக்கு வந்த சொட்டை அவர் நாக்கை நீட்டி நக்கினார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நாத்தனார் அதைத் துடைப்பதா விடுவதா என்று தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் நினைவு தப்பியது. மறுநாள் உச்சிப்பொழுதில் உயிர் போய்விட்டது. துக்கத்துக்கு வந்த சனங்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கிடந்த சாக்கை எல்லாரும் மறந்துவிட்டோம். மிச்ச ஐஸ் கரைந்து, அழுதுகொண்டிருந்த பெண்களுக்குக் கீழே ஓடி அவர்கள் சேலையை நனைத்தது. ஒருத்தி திடுக்கிட்டு எழுந்து, என்னவென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

நாத்தனார் எங்களோடேயே தங்கிவிட்டாள். எங்கள் சனத்தில் மறுகல்யாணம் கிடையாது. வெள்ளைச் சேலை கட்டினாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. மாடு, அடுப்பு, களை எடுப்பு எல்லாம் முன்னைப் போலத்தான். என்னோடு பேசினாள், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அப்பாவோடு மட்டும் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை போட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. "சோறு வச்சிருக்கு", "ஆளு வந்திருக்காக", இந்த அளவோடு முடிந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். சுவரைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்வாள்.

மாமனார் அவள் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, அவள் வந்து எச்சில் தட்டை எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பார். ஏதாவது சொல்ல மாட்டாளா என்றுதான். அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் மெல்ல எழுந்து கை கழுவப் போவார். ஒரு வருஷம் முழுக்க இப்படியே போயிற்று.

அடுத்த சித்திரையில் ஒருநாள் மாமனாரைக் காலையிலிருந்து காணவில்லை. தோட்டத்தில் இருப்பார் என்று நினைத்தோம். மத்தியானம் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. வாசலில் அவர் நின்றார். தோளில் சாக்கு. சட்டை போடாத முதுகெல்லாம் நனைந்து, மரத்தூள் அப்பியிருந்தது. பருத்திச் சந்தைக்குத் தவிர தேனிப் பக்கம் போகாத மனிதர். ரயிலடியில் யாரைக் கேட்டார், எப்படி வாங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாக்கை முற்றத்தில் இறக்கிவைத்தார்.

"ஆத்தா" என்றார். நாத்தனார் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "கொண்டாறேன்னு சொன்னேன்ல. கொண்டாந்துட்டேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் சாக்கின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி, முற்றத்து மண்ணில் கோடாக ஓடியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சாக்கை நிழலுக்காவது இழுக்கலாம் என்று போனேன்.

"விடுங்க மதினி" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பாலை வையிங்க" என்றாள்.

பரணிலிருந்து வாளியை அவளே இறக்கினாள். ஐஸை அவளே நொறுக்கினாள். உப்புப் போட்டாள். தன் புருஷன் செய்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! ஒன்றையும் மறக்கவில்லை. குத்தவைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். பால் இறுகியதும் வாளி தாவியது. ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் சுற்றிப் பார்த்தாள். முடியவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மாமனார் வந்து, சாக்கை மடித்துப் போட்டு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேட்டியை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அவர் காலடியில் இருந்து சுற்றினாள். சுற்றிக்கொண்டே அழுதாள்.

"ஒரு கரண்டி குடுத்திருக்கலாமேப்பா" என்றாள்.

"குடுத்திருக்கலாம் ஆத்தா."

"குடுத்திருந்தாலும் போயிருப்பாகதான? சொல்லுங்கப்பா. எப்படியும் போயிருப்பாகதான?"

அவளுக்கு ஆறுதலாக ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கே சொல்லத் தோன்றியது. ஆனால் மாமனார் பொய் சொல்லிப் பழகாதவர். "தெரியலையே ஆத்தா" என்றார். "உங்க ஆத்தாளுக்குக் குடுத்தேன், போயிட்டா. மாப்ளைக்குக் குடுக்கல, அவுகளும் போயிட்டாக. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் கை நின்றது. அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தொடப் பயந்தவர் போலக் கையைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, அப்புறம் தொட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். மாமனாருக்குத் தம்ளரில் போட்டுக் கொடுத்து, "தின்னுங்கப்பா, கரைஞ்சிரும்" என்றாள். ஒரு வருஷத்துக்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அவர் தின்றார். தனக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வாசல்படியில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து தின்றாள். அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி, "அறுத்தவளுக்கு இப்ப ஐசுப் பாலு கேக்குதோ?" என்று என் காதில் சொன்னாள். நான் அவளுக்கும் ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில கோடைகள் செய்தோம். அப்புறம் சீமையில் சண்டை மூண்டது. சீனி கிடைக்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் தேனியிலிருந்து வந்து, ரயில் இனிமேல் வராது, தண்டவாளத்தையே பிடுங்கிச் சண்டைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். மாமனார் நம்பவில்லை. "போட்ட தண்டவாளத்தப் புடுங்குவானாடா?" என்றார். ஆனால் பிடுங்கினார்கள். பஸ்ஸும் பெட்ரோல் இல்லாமல் கரியில் முக்கி முனகி ஓடிற்று. நனையாமல் கிடந்த வாளியின் பட்டைகள் காய்ந்து சுருங்கி, ஒருநாள் பரணில் தானாகவே வளையம் கழன்று சரிந்தன. நான் அவற்றை அடுப்பில் வைக்கவில்லை. கட்டி மறுபடியும் பரணிலேயே போட்டேன்.

சண்டை முடிவதற்குள் மாமனாரும் போய்விட்டார். வாய்க்காலுக்கு மடை திருப்பப் போனவர் வரப்பிலேயே படுத்துவிட்டார். நாத்தனார் பதினாறாம் நாள் முடிந்ததும் என்னிடம் வந்து, "மதினி, நான் மலைக்குப் போறேன். தோட்டத்துல கொழுந்துக்குப் போறவுக பிள்ளைகளப் பாத்துக்கிற வேலை இருக்கு. அங்கன எனக்குத் தெரிஞ்ச சனம் இருக்காக" என்றாள். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அப்பாவுக்காகத்தான் இங்கே இருந்தேன் என்றாள். எனக்கு அது பெரிய அடியாக இருந்தது. எனக்காகவும் இருந்தாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, வீரபாண்டித் திருவிழாவுக்கு இறங்கி வருவாள். முன்னைப் போல உரல் இல்லை, அரைவை மில் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வேப்பமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு தடவை, மத்தியான வெயிலில், அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே தெருவைப் பார்த்தாள்.

"மதினி, அவுக முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள்.

நான் காலை மடக்கி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். சட்டை தெரியுது, கை தெரியுது. முகம் மட்டும் வரமாட்டேங்குது. ஒரு போட்டோகூடப் புடிக்கல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு அந்த அண்ணன் முகம் ஞாபகம் இருந்தது. சொன்னேன். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். இடது புருவத்தை ஒரு வெட்டுத் தழும்பு இரண்டாகப் பிரித்திருக்கும். நல்ல கறுப்பு, ஆனால் உள்ளங்கை வெளுப்பு. காது கொஞ்சம் விடைத்து நிற்கும். சிரிக்கும்போது கண் இடுங்கிக் கோடாகிவிடும். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். அவள் வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டு, ஊர்பேர் தெரியாத ஒருத்தரைப் பற்றிக் கேட்பவள் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய நாட்களே கொஞ்சம். சொன்னதையே இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.